சின்னப் பை

1

புதுச்சேரியில் ஒரு சிறு பத்திரிகை நடத்தும் என் பள்ளிக்கூடத் தோழன் போன மாதம் போன் செய்தான். பிரான்சிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெட்டி கட்டுவது எப்படி என்று நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். கோடை விடுமுறைக்கு எல்லோரும் கிளம்புகிற நேரம், உபயோகமாக இருக்கும் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் அவனவன் இலக்கியம், அரசியல் என்று எழுதிக்கொண்டிருக்க, எனக்கு வந்து வாய்த்தது பெட்டி.

ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை. பாரிசுக்கு வடக்கே நான் குடியிருக்கும் புறநகரில் புதுச்சேரிக் குடும்பங்கள் நிறைய. அவர்களிடம் மனோகர் என்று கேட்டால் யோசிப்பார்கள். 'வலீஸ் மனோகர்' என்றால் என் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். வலீஸ் என்றால் பிரெஞ்சில் பெட்டி. நான் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்பு, நோயாளி அங்கி, டாக்டர் கோட்டு எல்லாம் என் கையில்தான் மடிந்து போகும். அந்தக் கைப்பழக்கம் பெட்டிக்கும் வந்துவிட்டது. ஜூன் பிறந்தால் போதும், அண்ணே ஜிப்பு மூட மாட்டேங்குது, ஓர் எட்டு வந்துட்டுப் போங்க என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எழுதி முடித்தது ரெட்டியார்பாளையத்தில், என் அக்கா வீட்டு மாடியறையில். இந்த முறை நான் இங்கே எப்படி வந்தேன் என்பதுதான் மற்ற பக்கங்கள்.

2

முதலில் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன்.

துணியை மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். மடித்துப் பிழைக்கிறவன் சொல்கிறேன், நம்புங்கள். கனமான சாமான் சக்கரத்துப் பக்கம் போக வேண்டும். ஷூவுக்குள் காலுறை, காலுறைக்குள் தைலக் குப்பி. இரண்டு பெட்டி இருந்தால் அப்பா துணி ஒன்றில், அம்மா துணி ஒன்றில் என்று பிரிக்காதீர்கள். எல்லார் துணியும் இரண்டிலும் பாதிப் பாதி இருக்கட்டும். ஒரு பெட்டி வராமல் போனாலும் யாரும் மாற்றுத் துணியில்லாமல் நிற்க வேண்டாம். பெட்டிக்கு உள்ளேயும் ஒரு தாளில் பெயரும் ஊர் விலாசமும் எழுதி வையுங்கள், வெளியே கட்டுகிற சீட்டு கிழிந்துபோகும்.

சீட்டு என்றதும் ஒன்று. அங்கே குடும்பப் பெயர் என்று ஒன்று கேட்பார்கள். நமக்கேது? போன புதிதில் அலுவலகத்தில் இருந்தவர் என் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டார். பிரெஞ்சில் மறுத்துச் சொல்ல எனக்கு அன்று வாயில்லை. அதிலிருந்து வங்கியிலும் வேலையிடத்திலும் நான் கோவிந்தசாமி. பெட்டிச் சீட்டிலும் அதுதான் பெரிதாக இருக்கும். அப்பா செத்துப் பல வருஷமாகியும் அவர்தான் விமானத்தில் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார்.

அப்புறம், எடுத்துப்போகிற ஒவ்வொரு சாமானுக்கும் நாலு வேலையாவது இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் லுங்கிக்கு மிஞ்சியது கிடையாது. விமானத்தில் போர்வை, நடுவழி விமான நிலையத்து பெஞ்சில் விரிப்பு, குளித்தால் துண்டு, உடை மாற்ற மறைப்பு, பெட்டி நிறைந்துவிட்டால் நாலு முனையை முடிந்து ஒரு மூட்டை. என் மகள் மீரா இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமான் கடையில் வாங்கி வைத்திருக்கிறாள். அவள் லியோனில் வேலை பார்க்கிறாள். பத்து நாள் பயணத்துக்கும் விமான இருக்கைக்கு அடியில் போகிற ஒரு பைதான் அவளுக்கு. நான் பெட்டி கட்டுவதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள். அவளும் நானும் போனில் பேசுவது இப்போதெல்லாம் நாலு நிமிஷம். அவள் பிரெஞ்சில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், ரெண்டு பேருக்கும் பாதி புரியும்.

திரும்பி வரும்போது ஊறுகாய்க்கு மூன்று உறை. வறுத்த மல்லாட்டையைத் துணிகளின் இடுக்கில் பரப்பி வையுங்கள். வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை.

தோழன் கேட்டது இவ்வளவுதான். இதற்கு மேல் அவன் வெட்டினாலும் வெட்டிக்கொள்ளட்டும்.

3

என் அக்கா பெயர் சரோஜா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் தாத்தா பிரெஞ்சு நாட்டுரிமை எடுத்துக்கொண்டவர். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் இருபத்திரண்டு வயதில் விமானம் ஏறிவிட்டேன். அக்காவிடமும் அதே காகிதம் இருந்தது, அவள் ஏறவில்லை. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் கிளார்க்காக இருந்தவரைக் கட்டிக்கொண்டு ரெட்டியார்பாளையத்தில் தங்கிவிட்டாள். குளிரில் போய் விறைத்துச் சாகணுமா என்பாள். அத்தான் போன பிறகு மகன் குமரனோடு இருந்தாள்.

நான் வரப்போவதைப் போனில் சொன்னால், எத்தனை நாள் லீவு, எந்த விமானம் என்றெல்லாம் கேட்கமாட்டாள். முதல் கேள்வி இதுதான்.

"பெட்டியா, பையா?"

"பெட்டிதான்கா. இருபத்து மூணு கிலோ."

"அப்ப வா."

வெளியாள் கேட்டால் விளையாட்டு என்றுதான் நினைப்பார்கள். விஷயம் எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் சோல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனில் வந்தவர். நான் விமானம் ஏறுவதற்கு முன்பே படுத்த படுக்கையாகிவிட்டார். ஆறு மாதம் தாங்குவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு பிரான்சிலிருந்து அவர் தம்பி, எங்கள் சித்தப்பா, பதறியடித்துக்கொண்டு வந்தார். தோளில் ஒரு சின்னப் பை மட்டும்தான். அப்பா தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார். பெட்டி எங்கடா என்று கேட்டார். அவசரத்தில் எடுக்கவில்லை என்றார் சித்தப்பா. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கஞ்சியைத் தொடவில்லை. ஒன்பதாவது நாள் முடிந்துவிட்டது.

எங்கள் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. பிரான்சிலிருந்து பெட்டியோடு வந்தால் லீவுக்கு வந்திருக்கிறான், சின்னப் பையோடு வந்தால் சாவுக்கு வந்திருக்கிறான். பையோடு வருகிறவனை யாரும் 'வா' என்று கூப்பிடமாட்டார்கள். துக்கத்துக்கு வருகிறவனை எப்படி வா என்பது? அக்கா வீட்டுக்கு எதிரே விஜயா அம்மா வாசலில் தையல் மிஷின் போட்டிருப்பார். தெருவுக்கு யார் வந்தாலும் போனாலும் அவர் கண்ணைத் தாண்டாது. நான் காரை விட்டு இறங்கினால் மிஷினை நிறுத்தாமலே, வாப்பா வா, பெட்டி வந்துடுச்சா என்பார். அந்த 'வா'வைக் கேட்டால்தான் எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்.

அப்பாவை எடுத்த அன்று சாயங்காலம் அக்கா சொன்னாள். "இனிமே இந்தக் குடும்பத்துல யாரு படுத்தாலும், வர்றவன் பெட்டியோடதான் வரணும். நீ சாவப்போறன்னு நம்ம பை போயி சொல்லக் கூடாது."

4

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படிப்பட்ட ஒரு சின்னப் பை என் வீட்டு அலமாரியிலும் இருந்தது. அங்கே எங்களில் பாதிப் பேர் வீட்டில் இருக்கும். யாரும் வெளியே சொல்லமாட்டோம். போன் வந்தால் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு. என்னுடையதில் ஒரு வெள்ளை வேட்டி, இரண்டு சட்டை, லுங்கி, பதினைந்து நாளைக்கு பிரஷர் மாத்திரை, பழைய மூக்குக்கண்ணாடி, விசா இல்லாமல் ஊருக்கு வர உதவும் ஓ.சி.ஐ. அட்டையின் நகல், ஊர் பிளக்குக்குச் செருகுகிற முனை. மொத்தம் ஆறு கிலோ. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாத்திரையின் காலாவதித் தேதி பார்த்து மாற்றுவேன். என் மனைவியும் நானும் பிரிந்து நாளாகிறது, அது வேறு கதை. தனியாக அலமாரியைத் திறந்து அந்தப் பையைத் தொடுகிற ஒவ்வொரு முறையும் இது யாருக்காக என்று மனசு கேட்கும். உடனே மூடிவிடுவேன்.

5

போன வருஷம் ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சலவைக் கூடத்தில் இருக்கும்போது குமரன் போன் செய்தான். அக்காவைக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்கிறார் என்றான். பேச்சு தெளிவாக இருக்கிறது, என்னை ஒரு தடவை கேட்டாள் என்றான்.

லீவு கேட்கப் போனேன். மேற்பார்வையாளர் அம்மாள் நல்ல மாதிரி. கணினியில் படிவத்தைத் திறந்து உறவு என்ன என்று கேட்டு, அக்கா என்று போட்டார். அடுத்த கட்டம் இறந்த தேதி. இன்னும் இறக்கவில்லை என்றேன். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகரமாட்டேன் என்றது. செத்தால் லீவு உண்டு, சாகக் கிடந்தால் கிடையாது. அவருக்கே சங்கடமாகி, என் வருடாந்திர விடுமுறையில் எழுதிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கெல்லாம் என்னை அனுப்பிவிட்டார். ஆகவே அரசாங்கத்தின் மீதும் அலுவலகத்தின் மீதும் பழி போட எனக்கு வழியில்லை.

அன்று சாயங்கால விமானத்தில் இடம் இருந்தது. மறுநாள் சாயங்கால விமானத்திலும் இருந்தது. நான் மறுநாளுக்குப் போட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். சின்னப் பையோடு போய் அவள் கட்டிலுக்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியமில்லை. ஆஸ்பத்திரிக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு போகமாட்டேன்தான். ஆனால் நான் உள்ளே நுழைந்ததும் அவள் குமரனிடம் கேட்பாள், பெட்டியா பையா என்று. அவன் பொய் சொன்னால் முகத்திலேயே தெரியும். அதனால் உண்மையாகவே பெட்டி வேண்டும். இருபத்து மூணு கிலோ வேண்டும். லீவுக்கு வந்திருக்கிறான் தம்பி, எனக்கு ஒன்றுமில்லை என்று அவள் நம்ப வேண்டும். குமரனிடம் போனில், நாளைக்குக் கிளம்புகிறேன், பெட்டி கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

வழியில் மீரா கூப்பிட்டாள். இன்றைக்கே போக வேண்டியதுதானே என்று பிரெஞ்சில் கேட்டாள். பெட்டி கட்டவில்லை என்றேன். எதற்குப் பெட்டி, அத்தைக்கு இப்போது பெட்டியா வேண்டும் என்றாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. அவள் தன்னிடம் மிச்சமிருக்கிற தமிழில் இரண்டு வார்த்தையைத் தேடி எடுத்தாள்.

"பப்பா, போதும். போங்க."

நான் போனை வைத்துவிட்டேன்.

அக்காவுக்குக் கால் வீக்கம் உண்டு. மெத்தென்ற அடி வைத்த ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். அவளுக்குப் பிடித்த லாவெண்டர் சோப்பு, விஜயா அம்மாவுக்குத் துணி வெட்டும் கத்தரி, தெருவுக்கெல்லாம் சாக்லேட். சாக்லேட் வரிசையில் நிற்கும்போது போன் அடித்தது. குமரன் பெயர் தெரிந்தது. ஒன்று, இன்னும் ஏதாவது வாங்கி வரச் சொல்வான். இல்லையென்றால் அந்தச் செய்தி. அந்தச் செய்தியாக இருந்தால் கடையில் நின்று கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால், கேட்கவே வேண்டாம் என்று நினைத்தேன். போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து, துணி சுருட்டி, தைரியம் வர வெகுநேரமாயிற்று. அதற்குப் பிறகுதான் திருப்பிக் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை மாமா, அம்மா பேச வேண்டும் என்றார்கள், இப்போது தூங்குகிறார்கள், நீங்கள் பார்த்து வாருங்கள் என்றான். அப்பாடா என்று இருந்தது. தெம்பாக மிச்சப் பெட்டியைக் கட்டினேன். ஷூவுக்குள் சோப்பு, சோப்பைச் சுற்றிக் காலுறை, ஓரங்களில் சாக்லேட். தராசில் தூக்கிப் பார்த்தால் இருபத்து இரண்டு கிலோ எண்ணூறு. என் ஆயுளில் நான் கட்டியதிலேயே அழகான பெட்டி அதுதான். சின்னப் பை அலமாரியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

6

வியாழக்கிழமை விடியற்காலை அக்கா போய்விட்டாள். அப்போது நான் நடுவழியில், வேறொரு நாட்டு விமான நிலையத்தில், பெஞ்சில் லுங்கியை விரித்துப் படுத்திருந்தேன். சென்னையில் இறங்கி போனை உயிர்ப்பித்ததும் தெரிந்தது. முதல் நாள் விமானத்தில் வந்திருந்தால் புதன்கிழமை சாயங்காலமே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு சாயங்காலம், ஓர் இரவு கிடைத்திருக்கும்.

நான் ரெட்டியார்பாளையம் வந்து சேர்ந்தபோது அவளைக் கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். எனக்காகத்தான் காத்திருந்தார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தச் சக்கரச் சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் சொந்தத்தில் பெரியவர் ஒருவர், பிறந்த வீட்டுக் கோடியைக் கொண்டு வாருங்கள் என்றார். எங்களில் ஒரு பெண் இறந்தால் அவளுக்குக் கடைசிப் புடவை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அப்பா இல்லை, அம்மா இல்லை, அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். பெட்டியில்தான் இருக்கும் என்று யாரோ உதவிக்கு வந்து, என்னைக் கேட்காமலே அதைப் படுக்க வைத்து ஜிப்பைத் திறந்துவிட்டார்கள். அக்காவின் தலைமாட்டில் சாக்லேட்டும் சோப்பும் காலுறையும் ஷூவும் பரந்து கிடந்தன. லாவெண்டர் வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

"இருபத்து மூணு கிலோவுல ஒரு பொடவ இல்லியா?" என்றார் அந்தப் பெரியவர். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

எப்படி இருக்கும்? புடவையை எடுத்து வைத்தால் அவள் சாகப்போகிறாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்காகத்தானே இவ்வளவையும் அடைத்தேன். வெட்கத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. விஜயா அம்மா எதிர்வீட்டுக்குப் போய், தனக்கென்று எடுத்து வைத்திருந்த கட்டாத புடவை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதைத்தான் என் கையால் போர்த்தினேன். பிறந்த வீட்டுச் சீலை எதிர்வீட்டிலிருந்து வந்தது.

7

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது குமரன் என்னை மாடிக்குக் கூப்பிட்டான். கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். செவ்வாய்க்கிழமை நான் கடையில் இருந்தபோது அவன் போன் செய்தது ஆஸ்பத்திரியிலிருந்து, பார்வையாளர் நேரத்தில், அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து. மாமா நாளைக்குக் கிளம்புகிறார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் மூக்கில் வைத்திருந்த ஆக்சிஜன் குழாயைக் கையால் ஒதுக்கிவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

பெட்டி என்று இவன் சொல்லியிருக்கிறான். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தானாம்.

"இல்ல மாமா. தலைய ஆட்டுனாங்க. 'பெட்டின்னா நேரமாவும்டா. பையோட வரச் சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்னு சொல்லு'ன்னாங்க. அப்பதான் ஒங்களுக்கு அடிச்சேன். நீங்க எடுக்கல."

நான் திருப்பிக் கூப்பிட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அதுக்குள்ள அன்னிக்கி பிளைட்டு நேரம் தாண்டிடுச்சி மாமா. அப்பறம் சொல்லி இன்னா ஆவப்போவுது?"

அவன் சொன்னது சரிதான். அவள் போட்ட சட்டத்தை அவளே எடுத்துவிட்டாள், எனக்காக. அதைச் சொல்லத்தான் போன் அடித்தது. நான் சாக்லேட் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஒரு வருஷமாக எந்த விரிப்பை மடித்தாலும், நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன் என்று காதில் கேட்கிறது. நினைத்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலாம் என்று தோன்றும்.

8

தலை திவசத்துக்குப் போன வாரம் வந்தேன். அலமாரியிலிருந்து அந்தச் சின்னப் பையை எடுத்தேன். வேட்டி, லுங்கி, சட்டை, மாத்திரை. மேலாக ஒரு புடவை, அவளுக்குப் பிடித்த மயில் கழுத்து நிறம், படைப்பதற்கு. வேறெதுவும் வைக்கவில்லை. விமான நிலையத்தில் வழியனுப்ப மீரா வந்திருந்தாள். பையைப் பார்த்துவிட்டு, கடைசியில் நீங்களும் பிரயாணம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாள். ஆமாம் என்றேன். அவளிடம் இந்தக் கதையை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல அவள் மொழியில் எனக்கு வார்த்தை போதாது. பெட்டி இல்லையா என்று கவுண்ட்டரில் இரண்டு முறை கேட்டார்கள். பெட்டிச் சீட்டு அச்சாகவில்லை. அப்பாவும் இந்த முறை வரவில்லை.

விழுப்புரம் சாலையிலேயே காரை அனுப்பிவிட்டுத் தெருவுக்குள் நடந்து வந்தேன். பகல் பதினோரு மணி. விஜயா அம்மா மிஷினில் குனிந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் என் பின்னால் பெட்டியைத் தேடினார். தோளில் தொங்கிய பையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. மிஷின் நின்றது. ரவிக்கைத் துணியைக் கையில் பிடித்தபடியே எழுந்தார்.

"யாருப்பா?" என்றார். "யாருக்கு இன்னா ஆச்சி?"

"எங்க அக்காதான்மா," என்றேன்.

அவர் என்னை 'வா' என்று சொல்லவில்லை. தெருவைத் தாண்டி வந்து, என் தோளிலிருந்து பையை இறக்கி வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் அக்கா வீட்டுக்குள் போனார்.